யாளி கேட்ட கேள்வி

மேகங்கள் மலையில் இறங்கி மாடுகளோடு மாடாக மேய்ந்துகொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது. அந்தக் காலத்தில் மஞ்சிமலை என்றொரு நாடு. அந்த நாட்டில், ஊர் முடிந்து காடு தொடங்கும் இடத்தில், ஒரு குடிசையில் தும்பை என்ற பெண் தனியாக இருந்தாள்.

அவள் பிறந்த அன்று ஏரி உடைந்தது. பாதி ஊரையும் அவளைப் பெற்றவர்களையும் வெள்ளம் கொண்டுபோயிற்று. "இது பிள்ளை இல்லை, அழிவின் அடையாளம்" என்று ஊர் சொல்லிவிட்டது. கோயில் சோறு அவளை வளர்த்தது. ஆள் யாரும் வளர்க்கவில்லை. பெரியவளானதும் மலைப்புல் அறுத்துத் துடைப்பம் கட்டினாள். கட்டியதை ஒரு பாறைமேல் வைத்துவிட்டு மறைந்துகொள்வாள். ஊரார் வந்து துடைப்பத்தை எடுத்துக்கொண்டு ஒரு படி கம்பு வைத்துவிட்டுப் போவார்கள். பேசுவதற்கு ஆள் இல்லாமல் குரல் கட்டிக்கொள்ளும். சில நாள் தன் பெயரைத் தானே உரக்கச் சொல்லிப் பார்ப்பாள். யாரோ கூப்பிட்டதுபோல் இருக்கும்.

காட்டுக்குள் ஒரு குகை. குகைக்குள் ஒரு யாளி. சிங்க உடம்பு, யானைத் துதிக்கை, வளைந்த கோரைப்பல். "அந்த யாளி அரண்மனை வாசலில் நின்றால் ஏழு நாடும் உங்கள் காலடியில்" என்று ராஜாவுக்கு ஆசை காட்டினான் மருளன் என்ற மந்திரவாதி. ராஜாவுக்கு நல்லது சொல்லக்கூடியவர்கள் மூன்று பேர்: தளபதி, மந்திரி, குரு. யாளியைக் கூட்டிவரச் சொல்லி அந்த மூவரையும் ஒருவர்பின் ஒருவராக மருளன் அனுப்ப வைத்தான். போனவர் திரும்பவில்லை. ஊர் முணுமுணுக்கத் தொடங்கியது.

"எல்லாம் அந்தத் துடைப்பக்காரியால் வந்த வினை. அவளையே அனுப்புங்கள். யாளி வந்தால் லாபம், அவள் போனாலும் லாபம்" என்றான் மருளன். ராஜா தலையாட்டினார்.

தும்பை ஒரு கலயத்தில் கம்பங்கூழ் எடுத்துக்கொண்டு நடந்தாள். வழியனுப்ப யாரும் வரவில்லை.

குகை வாசலில் மூன்று கற்சிலைகள். வாள் ஏந்தி ஒன்று, ஓலை ஏந்தி ஒன்று, கை கூப்பி ஒன்று. இருட்டுக்குள் இருந்து இடிபோல் ஒரு குரல்:

"நான் யார்? சொல்லிவிட்டுக் கிட்டே வா."

தும்பை நின்றாள். "இவர்களையும் இதையே கேட்டாயா?"

"கேட்டேன். நீ வெற்றி என்றான் தளபதி. கல்லானான். நீ செல்வம் என்றான் மந்திரி. கல்லானான். நீ ஞானம் என்றார் குரு. அவரும் கல்லானார். நான் யார்? சொல்லிவிட்டுக் கிட்டே வா."

"எனக்கு எப்படித் தெரியும்? இப்போதுதானே பார்க்கிறேன். நீயே சொல்லேன்."

இப்போது அந்தக் குரல் சிறுத்துப்போய் வந்தது. "எனக்கும் தெரியவில்லை, பெண்ணே. தெரிந்தவர்கள் யாராவது வருவார்களா என்றுதான் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்."

தும்பை கல்லாகவில்லை. மெதுவாக உள்ளே போய் உட்கார்ந்தாள். "என்னை அழிவு என்கிறார்கள். உன்னை வெற்றி என்கிறார்கள். ரெண்டு பேருக்கும் பேச ஆள் இல்லை" என்றாள்.

கூழைப் பங்கிட்டாள். யாளி துதிக்கையால் உறிஞ்சி முகத்தைச் சுளித்தது. "உப்பு பத்தவில்லை."

"யாளிக்கு உப்புச் சுவை எப்படித் தெரியும்?"

யாளி கலயத்தை மறுபடி முகர்ந்து பார்த்தது.

இரண்டாம் நாள் அது தூக்கத்தில் நாக்கைத் தட்டி "ஹை, ஹை" என்று மாடு ஓட்டியது. தும்பை கேட்டுக்கொண்டாள்.

மூன்றாம் நாள் அவள் பக்கத்தில் போய், பிடரியில் ஒட்டியிருந்த முள்ளை எடுத்தபடியே கேட்டாள்: "நீ உப்பு வண்டி ஓட்டினவனா? வேலை முடிந்து வீட்டுக்குப் போனால் யார் இருப்பார்கள்?"

"அக்கா இருப்பாள்."

"என்ன சொல்வாள்?"

"திட்டுவாள்." யாளியின் கண் நிறைந்தது. "டேய் சங்கிலி, காலைக் கழுவிட்டு உள்ளே வாடா, என்பாள்."

சொல்லி முடிக்கவில்லை, கோரைப்பல் உதிர்ந்தது. துதிக்கை சுருங்கியது. பிடரி காற்றில் பறந்தது. யாளி இருந்த இடத்தில் நாற்பது வயது மனிதன் ஒருவன் மண்டியிட்டு அழுதுகொண்டிருந்தான். "சங்கிலி. என் பேர் சங்கிலி, தாயி. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் இந்த வழியாக வந்தேன். தண்ணீர் கேட்டேன். அந்த மருளன் என் மேல் சாம்பலை வீசினான்."

வாசலில் கல்லாக நின்ற மூன்று பேரும் உயிர் வந்து, முதுகைப் பிடித்துக்கொண்டு முனகினார்கள்.

அதே நேரம் அரண்மனையில் மருளன் ஒரு மந்திரம் சொல்ல வாயைத் திறந்தான். தவளைச் சத்தம்தான் வந்தது. மறுபடி திறந்தான், மறுபடியும் தவளைச் சத்தம். சபை சிரித்தது. அவன் ஓடிய திசையில் இன்றுவரை யாரும் தேடிப் போகவில்லை.

தளபதியும் மந்திரியும் குருவும் திரும்பி வந்து நடந்ததைச் சொன்னதும் ராஜா தலைகுனிந்தார். ஏழு நாட்டின் மேல் படையெடுக்கும் பேச்சு நின்றது. ஊரே ஆரத்தியோடு திரண்டு வந்தது. "தும்பை எங்கள் அதிர்ஷ்டம்! அரண்மனை வாசலிலேயே இருக்கட்டும்! காலையில் அவள் முகத்தில் விழித்தால் போதும்!"

தும்பை அந்தக் கூட்டத்தைப் பார்த்தாள். அத்தனை பேரில் ஒருவர்கூட, மூன்று நாள் காட்டில் இருந்தாயே, சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை.

"என்ன வேண்டும், கேளம்மா" என்றார் ராஜா.

"ஒரு வண்டியும் ரெண்டு மாடும் கொடுங்கள், மகாராஜா. இவரை வீட்டில் கொண்டுபோய் விட வேண்டும்."

பத்து நாள் பயணம். கடலோரத்தில் ஒரு கூரை வீடு. நரைத்த அக்கா வாசலுக்கு வந்தாள், தம்பியைப் பார்த்தாள், ஓடிவந்து அவன் முதுகில் நாலு அடி வைத்தாள், பிறகு அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள். கண்ணைத் துடைத்த கையோடு, இடுப்பில் இருந்த பேரனைத் தும்பையிடம் நீட்டினாள்.

"இவனைக் கொஞ்சம் பிடி தாயி. உலை பொங்குது."

தும்பை கையில் இதுவரை யாரும் குழந்தையைக் கொடுத்ததில்லை. எப்படிப் பிடிப்பது என்றுகூடத் தெரியவில்லை. குழந்தை அவள் காதைப் பிடித்து இழுத்தது, மூக்கைத் தடவியது, பிறகு தோளில் எச்சில் வழியத் தூங்கிப்போயிற்று. உள்ளே மீன் குழம்பு மணத்தது. அக்காவும் தம்பியும் சிரிப்பதும் அழுவதுமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

தும்பைக்குக் கை மரத்துப்போயிற்று. ஆனாலும் அவள் அசையவில்லை.