எவரும் எடுத்துச் சொல்லாத கட்டுரை

பேராசிரியர் ஆவுடையப்பனுக்கு ஊரில் யார் மேலும் நம்பிக்கை கிடையாது. தன்னிடம் முனைவர் பட்டத்துக்குப் படிக்கும் செண்பகவல்லி நல்ல தகவல்களை எல்லாம் தனக்கென்று பதுக்குகிறாள் என்றே நினைத்தார். அவளுக்கும் அவர்மேல் ஒரு சந்தேகம் உண்டு. வெளியே சொன்னதில்லை.

கல்லூரி விழா வந்தது.

"குளங்களைப் பத்தி எனக்கொரு பேச்சு தயார் பண்ணு. இதுவரைக்கும் எவனும் எடுத்துச் சொல்லாத விஷயமா இருக்கணும். ஆனா அச்சுல வந்த ஆதாரமும் இருக்கணும். இல்லேன்னா உன் ஆய்வேட்டுல கையெழுத்துப் போட மாட்டேன்" என்றார்.

அவள் நூலகத்தில் உட்கார்ந்து ஆய்வுக் கட்டுரைத் தளங்களை எல்லாம் சலித்தாள். மறுநாள் கல்லூரி முதல்வர் அம்மாவின் அறையில் இருந்த அவரிடம் பேச்சைக் கொடுத்தாள். படித்துப் பார்த்த பேராசிரியர் முகம் சுளித்தார்.

"ஆகாயத்தாமரை மண்டினா குளம் செழிக்குமாமே. இந்த உளறலை எங்கே திருடினே?"

"திருடலை ஐயா. அச்சுல வந்த கட்டுரைதான். இதுவரை ஒருத்தர்கூட இதை மேற்கோள் காட்டலைன்னு தளத்துலயே இருக்கு. நீங்க கேட்ட ரெண்டும் பொருந்துச்சு."

"எழுதின மடையன் யாரு?"

"உங்க பேர்தான் ஐயா போட்டிருக்கு."

முதல்வர் அம்மா கண்ணாடியைக் கழற்றினார். "நீங்க எழுதினது உங்களுக்கே தெரியலையா?"

"எந்தப் பையன் எழுதிக் கொடுத்தான்னு விசாரிச்சுச் சொல்றேன் மேடம்" என்று அவசரமாகச் சொன்னார் ஆவுடையப்பன். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தார்.

அந்த வருஷம் விழாவில் பேசியது செண்பகவல்லி.