கோட்டுக்கு ரெண்டு அங்குலம் தள்ளி

ஒரு கடைத்தெருவிலே பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைக்கிற கடை ஒன்று இருந்தது. அங்கே டேப்புதான் தலைமை. பள்ளிக்கூடத்திலிருந்து அளவுச் சீட்டு வரும். டேப் அளந்து சொல்லும், சாக்கட்டி கோடு போடும், கத்தரி வெட்டும்.

டேப்புக்கு ஒரு குறை. என்றைக்கோ இஸ்திரிப் பெட்டிக்கு அடியில் சிக்கி, தலைப்பக்கம் ரெண்டு அங்குலம் கருகிப் போயிருந்தது. அது முப்பது என்றால் துணி இருபத்தெட்டுதான் இருக்கும். கடையில் எல்லோருக்கும் தெரியும். ஊசி மட்டும் ஒருதரம் வாயைத் திறந்தது.

"சார், தலையில ரெண்டு குறையுதுங்க."

அன்றிலிருந்து ஊசிக்குப் பட்டன் டப்பாவில் வாசம்.

கத்தரி ரொம்பக் கெட்டிக்காரக் கத்தரி. அப்படித்தான் அது தன்னைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தது. ஒரு வார்த்தை பேசாமல் கோட்டுக்கு ரெண்டு அங்குலம் தள்ளி வெட்டிவிடும். சட்டை சரியாக வந்துவிடும்.

"பார்த்தீங்களாப்பா, என் அளவு எப்படி?" என்று டேப் நிமிர்ந்து கேட்கும். கத்தரி உள்ளுக்குள் சிரித்துக்கொள்ளும்.

பத்து வருஷம் இப்படியே ஓடியது. ஒரு நாள் டேப் அந்த வெட்டைப் பார்த்துவிட்டது.

"ஏம்ப்பா, கோடு ஒரு பக்கம் போகுது, நீ ஒரு பக்கம் போற. கண்ணு மங்கிப்போச்சா?"

கத்தரிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அப்போதும் உண்மையைச் சொல்லவில்லை. வேலையை விட்டுவிட்டது. கிளம்பும்போது சாக்கட்டியிடம், "நானில்லாம ஒரு வாரம் தாங்குமா இந்தக் கடை, பாரு" என்று சொல்லிவிட்டுப் போனது.

பக்கத்துத் தெருக் கடையில் உடனே வேலை கிடைத்தது. நாற்பது சட்டை, பள்ளிக்கூடம் திறப்பதற்குள் கொடுத்தாக வேண்டும். கத்தரி தன் கைவரிசையைக் காட்டியது. முப்பத்தெட்டாவது சட்டையோடு துணி தீர்ந்துவிட்டது. வெட்டினதெல்லாம் ரெண்டு அங்குலம் நீண்டு தொங்கியது.

வந்த அன்றே வேலை போச்சு என்று கத்தரி நினைத்தது. அந்தக் கடை டேப் கிட்டே வந்தது.

"கோடு தப்பா இருந்துச்சாங்க?"

"இல்லீங்க, சரியாத்தான் இருந்துச்சு."

"அப்புறம் ஏன் தள்ளி வெட்டினீங்க?"

"உங்க தலையிலயும் ரெண்டு குறையும்னு நெனச்சுட்டேங்க."

"பார்த்தீங்களா?"

"பார்க்கலீங்க. டேப்புன்னாலே அப்படித்தான்னு..."

டேப் தன் நுனியைக் காட்டியது. ஒன்று, ரெண்டு என்று எல்லா எண்களும் இருந்தன. கத்தரிக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

"ரெண்டு சட்டைத் துணி நான் கேட்டு வாங்கறேன். நாளைக்குக் கோட்டுமேலயே வெட்டுங்க. கோடு தப்புன்னு தோணுச்சுன்னா வெட்டறதுக்கு முன்னால வந்து சொல்லுங்க, போதும்."

மறுநாள் கோட்டுமேலேயே வெட்டக் கத்தரி பட்ட பாடு கொஞ்சமில்லை. பத்து வருஷத் திறமை ஒவ்வொரு வெட்டுக்கும் வெளியே இழுத்தது.

ஒரு வாரம் கழித்துப் பழைய கடைச் சாக்கட்டி பார்க்க வந்தது. கத்தரி ஆசையாகக் கேட்டது.

"என்ன, கடையை மூடியாச்சா?"

"எதுக்கு மூடணும்? நீங்க போன மறுநாள் புதுக் கத்தரி கோட்டுமேலயே வெட்டுச்சு. போட்டுப் பார்த்த பிள்ளைங்க கையைத் தூக்கினா தொப்புள் தெரியுதுன்னு ஹெட்மிஸ்ட்ரஸ் வந்து நின்னாங்க. அன்னிக்கே டேப்பை எடுத்துட்டு வேற போட்டாச்சு. பழசை ஜன்னல் திரை கட்டறதுக்கு வச்சிருக்கு. ஊசிகூட வெளியில வந்துடுச்சு."

கத்தரி திறந்த வாய் மூடவில்லை. "ஒரே நாள்லயா?"

"ஒரே நாள்தாண்ணே," என்றது சாக்கட்டி. "நீங்க கிளம்பறதுதான் பாக்கியா இருந்துச்சு."