ஒரு விசில், முப்பது கையெழுத்து

விசில் சத்தம்தான் முதலில் வந்தது. இரண்டு குட்டை, ஒரு நெட்டை. வண்டி இன்னும் தெருமுனை திரும்பவில்லை. அதற்குள் பதினோரு கதவுகள் திறந்துவிட்டன.

சிவனணைந்தபெருமாள் தன் வாசலில் நின்று எண்ணிக்கொண்டிருந்தார். நைட்டிமேல் துண்டு போட்டுக்கொண்டு வந்தவர்கள், பல் துலக்கிக்கொண்டே வந்தவர்கள், ஒரு காலில் மட்டும் செருப்போடு ஓடி வந்த ஒருவர். எல்லார் கையிலும் வாளி.

அவர் கையில் மட்டும் ஃபோன்.

மாநகராட்சிக் குப்பை வண்டி வந்து நின்றது. பச்சைத் தொட்டி மக்கும் குப்பைக்கு. நீலத் தொட்டி மக்காத குப்பைக்கு. தள்ளி வந்தவள் மரியபுஷ்பம். முப்பத்துநாலு வயது. ஒன்பது வருஷமாக செங்கேணித் தெருவும் அடுத்த தெருவும் அவள் பொறுப்பு.

"புஷ்பம், ஒரு நிமிஷம் நில்லு. எனக்கு ஒரு சந்தேகம்."

"பால் கவர்னா நீலத்துல போடுங்க அண்ணாச்சி."

"குப்பைச் சந்தேகம் இல்ல. இவங்களை நீ எப்படிக் கூப்பிடுதே?"

"யாரை?"

"இந்தத் தெருவை. ஒரு விசில்தான அடிச்சே? அந்த ஹார்டுவேர் கடைக்காரரு சுடலைமணி, சட்டை கூடப் போடாம ஓடி வாராரு. நான் அவருக்கு ஒன்பது தடவை எழுதிட்டேன்."

புஷ்பம் அடுத்த வீட்டு வாளியை வாங்கிக் கவிழ்த்தாள்.

சிவனணைந்தபெருமாள் சாதாரண ஆள் இல்லை. விளம்பரக் கம்பெனியில் முப்பது வருஷம் வாசகம் எழுதியவர். ஒரு பல்பொடிக்கு அவர் எழுதிய வரி, பஸ்களின் முதுகில் ஒட்டிக்கொண்டு நாலு ஜில்லா சுற்றியது. ஓய்வு பெற்ற பிறகு தெரு நலச் சங்கத்துக்குச் செயலாளர் ஆனார். ஃபோனில் தெருவுக்கென்று ஒரு குரூப் ஆரம்பித்தார். அதில் இருநூற்றுப் பதினாலு பேர்.

பிரச்சினை பஸ் நிறுத்தம். தெருமுனையில் இருப்பதை ஒரு கிலோமீட்டர் தள்ளி, பைபாஸ் பக்கம் மாற்றப்போவதாகப் போக்குவரத்துக் கழகத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. ஆட்சேபணை இருந்தால் சனிக்கிழமை பதினோரு மணிக்கு, சமுதாயக் கூடத்தில், அந்த நிறுத்தத்தைப் பயன்படுத்துவோர் முப்பது பேராவது நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் குறைந்தாலும் நிறுத்தம் போய்விடும்.

அவர் மனைவி சொர்ணத்துக்கு முழங்கால் வலி. வாரம் மூன்று நாள் அந்த பஸ்ஸில்தான் வைத்தியத்துக்குப் போய்வருகிறாள்.

"நிறுத்தம் போச்சுன்னா பைபாஸ் வரைக்கும் என்னை யாரு தூக்கிட்டுப் போவா?"

"நான் தூக்குதேன்."

"நீங்களா? கேஸ் சிலிண்டரை உருட்டவே பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிடுதீங்க."

அவர் குரூப்பில் எழுதினார்: 'நிறுத்தம் நிலைக்க, நிமிர்ந்து வா!' பதிலுக்கு நூற்று முப்பத்தோரு பெருவிரல்கள் வந்தன. நாற்பது கும்பிடுகள். ஒரு ரோஜாப்பூ. ஒரு பிறந்தநாள் கேக்.

ஞாயிற்றுக்கிழமை முன்னேற்பாட்டுக் கூட்டம் வைத்தார். மூன்று பேர் வந்தார்கள். அவர், சொர்ணம், பத்திரம் எழுதுகிறவர் வீடு எங்கே என்று விசாரிக்க வந்த ஒரு வெளியூர்க்காரர். வெளியூர்க்காரர் உட்கார்ந்து டீயும் பன்னும் சாப்பிட்டுவிட்டு, "கூட்டம் நல்லா இருந்திச்சு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இன்று புதன். இன்னும் மூன்று நாள்.

"சொல்லு புஷ்பம். என்ன சூட்சுமம்?"

அவள் பையிலிருந்து ஒரு ஜோடி ரப்பர் கையுறையை எடுத்து நீட்டினாள்.

"எதுக்கு?"

"கேட்டீங்கள்லா."

அவர் போட்டுக்கொண்டார். "சரி. இன்னையிலருந்து நீதான் எனக்கு குரு."

"குருவும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். அந்த இளநிக் கூட்டை எடுத்துப் பச்சையில போடுங்க."

போட்டார்.

ராஜகனி டீச்சர் வீட்டு முன்னால் புஷ்பம் ஊதினாள். கதவு திறக்கவில்லை. அவள் நின்றாள்.

"பூட்டியிருக்கு போல" என்றார் அவர்.

அவள் நின்றாள். உள்ளே ஏதோ பாத்திரம் விழுந்தது. டீச்சர் வாளியோடு வந்தார். கொட்டினார். போகவில்லை. வாளியின் பிடியைத் துடைத்துக்கொண்டே பேசினார்.

"மருமகன் இந்த வாரமும் வரல புஷ்பம்."

"ம்."

"பஸ்ஸும் இப்ப ஏழே காலுக்கே வந்துருது. ஓட முடியல. அன்னைக்கு என்னாச்சுன்னா..."

சிவனணைந்தபெருமாள் பாய்ந்தார். "டீச்சர்! நிறுத்தம் நம் உரிமை! உரிமை நம் மூச்சு!"

டீச்சர் அவரைப் பார்த்தார். அவர் கையுறையைப் பார்த்தார். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"என்ன புஷ்பம், போயிட்டாங்க?"

"அவங்க இன்னும் முடிக்கல அண்ணாச்சி."

சுடலைமணி வீடு வந்தது. சிவனணைந்தபெருமாளுக்குப் பொறுக்கவில்லை.

"மெசேஜுக்குப் பெருவிரல் காட்டினீரே, ஞாயித்துக்கிழமை ஏன் வரல?"

"அதான் காட்டிட்டேன்லா."

"காட்டினா?"

"காட்டினா வந்த மாதிரிதான? இந்த மாசம் நாலு கல்யாணத்துக்கு அப்படித்தான் போனேன்."

கேக் அனுப்பிய பெண் பக்கத்து வீட்டில் இருந்தாள். அது அக்கா மகனுக்கு அனுப்பியது, கை தவறித் தெருவுக்கு வந்துவிட்டது என்றாள். "ஆனா அண்ணாச்சி, அதுக்கும் பதினாறு பேரு நன்றி சொல்லியிருக்காங்க."

மறுநாள் காலை புஷ்பம் விசிலைக் கழற்றி, கழுவி, அவரிடம் கொடுத்தாள்.

"இன்னைக்கு நீங்க ஊதுங்க. வண்டியையும் தள்ளிட்டுப் போங்க. நான் பின்னால வாரேன்."

அவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. முப்பது வருஷ அனுபவம். மூச்சை இழுத்து ஊதினார். ஒரு மாடியிலிருந்து யாரோ, "என்ன, கோல் போட்டாச்சா?" என்று கேட்டார்கள். அவர் நடந்தார். ஊதினார். நடந்தார். அடுத்த வீடு. ஊதினார். நடந்தார். காலி வண்டி லேசாக இருந்தது. நல்ல வேகம் கிடைத்தது.

பதினோரு நிமிஷத்தில் தெரு முடிந்துவிட்டது. இரண்டு தொட்டிகளிலும் எட்டிப் பார்த்தார். நேற்றைய தேங்காய் நார் ஒன்று கிடந்தது.

கால் மணி நேரம் கழித்து புஷ்பம் வந்து சேர்ந்தாள். இரண்டு தோளிலும் மூட்டை. கையில் நாலு வாளி. தலையில், நாலாவது கால் இல்லாத ஒரு பிளாஸ்டிக் நாற்காலி.

"வேகமா முடிச்சிட்டீங்க" என்றாள்.

"யாருமே வரலையே!"

"வந்தாங்க. நீங்கதான் இல்ல."

அவர் விசிலைப் பார்த்தார். பிறகு வண்டியைத் திருப்பினார்.

"எங்க போறீங்க?"

"காலி வாளியத் திருப்பிக் கொடுக்கணும்லா" என்றார்.

வெள்ளிக்கிழமை ஃபோனை சொர்ணத்திடம் கொடுத்துவிட்டுக் கிளம்பினார். அவள் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை.

அன்று ஊதிவிட்டு நின்றார். நிற்பது அவருக்குப் பழக்கமில்லை. முதல் வீட்டில் எட்டு வாசகம் தொண்டை வரை வந்தது. விழுங்கினார். அந்தத் தெருவில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பது காலையில் இந்த வண்டி நிற்கும் நேரத்தில்தான் என்பது நாலாவது வீட்டில் அவருக்குத் தெரிந்தது. அதற்குமுன் அவருக்கு அந்த முகங்கள் எல்லாம் ஃபோனில் வட்டமாக, விரல் நக அளவில்தான் பழக்கம்.

ராஜகனி டீச்சர் புதன்கிழமை விட்ட இடத்திலிருந்தே ஆரம்பித்தார். ஏழே கால் பஸ், அதைப் பிடிக்க ஓடியது, கண்டக்டர் இவருடைய பழைய மாணவனாக இருந்தது, அவன் இவரைக் கண்டதும் பயந்து டிக்கெட்டை இரண்டாகக் கிழித்தது. முடியப் பத்து நிமிஷம் ஆனது. சிவனணைந்தபெருமாள் "ம்" மட்டும் சொன்னார். கடைசியில் டீச்சரே கேட்டார்.

"அண்ணாச்சி, சனிக்கிழமை எத்தனை மணிக்கு?"

சுடலைமணி வாளியைக் கொட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தார். இவர் இன்னும் நின்றுகொண்டிருந்தார்.

"என்ன ஓய், நிக்கீரு?"

"நாளைக்குப் பதினோரு மணி. பஸ் நிறுத்தம்."

"வாரேன்னு சொன்னாத்தான் போவீரா?"

"வரலன்னு சொன்னாலும் போயிருவேன். ஏதாவது ஒண்ணு சொல்லும்."

"அப்ப வரல. எனக்கு பைக் இருக்கு."

"சரி" என்று வண்டியைத் தள்ளினார்.

சுடலைமணிக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது. "ஓய், ஏன்னு கேக்க மாட்டீரா?"

அவர் வண்டியை நிறுத்தித் திரும்ப வந்து நின்றார். புஷ்பம் தெருவோரக் கல்லில் உட்கார்ந்து முழங்காலைத் தடவிக்கொண்டாள்.

சுடலைமணி வாளியை உதறினார். பிறகு, "எங்கம்மா மாசத்துக்கு ரெண்டு தடவை ஊர்லயிருந்து அந்த பஸ்லதான் வாரா. முருங்கைக்காயைக் கட்டித் தூக்கிக்கிட்டு. கடையில ஆள் இருப்பாங்க, நான் போய்க் கூப்பிட மாட்டேன். அவளே நடந்து வந்துருவா. ஒரு கிலோமீட்டர்னா..." என்று நிறுத்தினார்.

இவர் "ம்" என்றார்.

"இப்பவும் வந்துதான் இருக்கா. நாளைக்குக் கூட்டிட்டு வாரேன்."

அன்று தெரு முடிய மதியம் ஒன்றரை ஆனது.

சனிக்கிழமை சமுதாயக் கூடத்தில் ஒரு மேஜை, ஒரு ஃபேன், ஒரு அதிகாரி. அதிகாரி மெலிந்த மனிதர். படிவத்தின் ஓரத்தை ஃபேன் காற்றில் பறக்காமல் டிபன் பாக்ஸால் அழுத்தி வைத்திருந்தார்.

பத்தே முக்காலுக்குப் பத்தொன்பது பேர். பத்து ஐம்பத்தைந்துக்கு சுடலைமணி அம்மாவோடு வந்தார். அம்மா அதிகாரிக்கு நாலு முருங்கைக்காய் கொண்டு வந்திருந்தாள். அவர் வாங்க மறுத்ததும் அவள் முகம் வாடியது. பதினோரு மணிக்கு அதிகாரி பேனாவால் எண்ணினார்.

"இருபத்தொன்பது."

பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். பத்திரம் எழுதுகிறவரைத் தேடி வந்த அதே வெளியூர்க்காரர். பத்திரத்தில் பிழை என்று மறுபடி வந்தாராம்; கூட்டத்தைப் பார்த்ததும் நுழைந்துவிட்டார். "நான் போடட்டுமா சார்?"

"நீங்க இந்த நிறுத்தத்தைப் பயன்படுத்துறவரா?"

"இன்னைக்கு ஆட்டோவுல வந்தேன். ஆனா கூட்டம்னா எனக்குப் பிடிக்கும்."

"உட்காருங்க" என்றார் அதிகாரி. கடிகாரத்தைப் பார்த்தார். "அஞ்சு நிமிஷம் பாக்குறேன். அப்புறம் படிவத்தை மூடிருவேன்."

சிவனணைந்தபெருமாள் வாசலுக்குப் போனார். தெருவில் ஒருவரும் இல்லை. கை தானாகச் சட்டைப்பையில் ஃபோனைத் தேடியது. அது சொர்ணத்தின் கைப்பையில் இருந்தது. சொர்ணம் இரண்டு முழங்காலிலும் கை வைத்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்று நிமிஷம்.

இரண்டு குட்டை, ஒரு நெட்டை.

கூடத்தில் இருந்த இருபத்தொன்பது பேரும் பாதி எழுந்துவிட்டார்கள். ராஜகனி டீச்சர் நாற்காலிக்கு அடியில் வாளியைத் தேடினார்.

புஷ்பம் வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு, செருப்பை வெளியே கழற்றிவிட்டு, கையுறையை உருவிக்கொண்டே உள்ளே வந்தாள். நேராக மேஜைக்குப் போனாள்.

"எங்க சார் போடணும்?"

"புஷ்பம்" என்று சிவனணைந்தபெருமாள் மெதுவாகச் சொன்னார், "இது பஸ்ல போறவங்க போடுறது."

அதிகாரி நிமிர்ந்தார். "எந்த பஸ்மா?"

"காலையில அஞ்சரைக்கு முத பஸ் சார். இங்கதான் இறங்குவேன். ரெண்டே காலுக்கு இங்கதான் ஏறுவேன்."

"எவ்வளவு நாளா?"

"ஒன்பது வருஷமா."

அவள் கையெழுத்துப் போட்டாள். ஒவ்வொரு எழுத்தாக, நிதானமாக. அதிகாரி படிவத்தின் அடியில் 30 என்று எழுதி வட்டம் போட்டார். டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டார்.

"நிறுத்தம் இங்கேயே இருக்கும். போங்க."

கூடம் கலகலத்தது. சுடலைமணியின் அம்மா முருங்கைக்காயை வெளியூர்க்காரருக்குக் கொடுத்துவிட்டாள்.

வெளியே சொர்ணம் ஃபோனை நீட்டினாள். "குரூப்புல போடுங்க. எல்லாரும் பெருவிரலோட காத்துக்கிட்டு இருப்பாங்க."

அவர் வாங்கினார். 'வென்றது' என்று எழுதினார். அழித்தார்.

புஷ்பம் வண்டிப் பக்கத்தில் நின்று கையுறையை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"ஒன்பது வருஷமா அந்த பஸ்லயா வாரீங்க?"

'வாரீங்க' என்று சொன்னதை அவர் கவனிக்கவில்லை. சொர்ணம் கவனித்தாள்.

"ஆமா."

"முப்பது பேருக்காக வீடு வீடா நான் அலைஞ்சேன். மூணு நாளும் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே."

புஷ்பம் விசிலைக் கழுத்தில் மாட்டினாள்.

"பக்கத்துலதான அண்ணாச்சி நின்னேன்."

அவர் ஃபோனைத் திரும்ப சொர்ணத்தின் பையில் போட்டார். நீலத் தொட்டிக்குள் யாரோ வாழைப்பழத் தோலைப் போட்டிருந்தார்கள். அதை எடுத்துப் பச்சையில் போட்டுவிட்டு, வண்டியின் கைப்பிடியில் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டார். அடுத்த தெரு பாக்கி இருந்தது.