ராஜா பார்க்காத எரிநட்சத்திரம்

முன்னொரு காலத்தில் நெடுங்குள நாட்டை மழவராயன் என்றொரு ராஜா ஆண்டு வந்தார். நல்லவர்தான். ஆனால் தனக்குக் கிடைக்காதது வேறு யாருக்காவது கிடைத்துவிட்டால் போதும், அன்றைக்கு அரண்மனையில் ஒருவருக்கும் சோறு இறங்காது.

ஒருநாள் இருட்டிய பிறகு அவர் கோயிலிலிருந்து பல்லக்கில் திரும்பிக்கொண்டிருந்தார். நாலு பக்கமும் பட்டுத்திரை. திடீரென்று வானத்தில் ஓர் எரிநட்சத்திரம்! பச்சையாய் எரிந்து, தெருவையே பகலாக்கி, மேற்கே போய் அவிந்தது. பல்லக்குத் தூக்கும் ஒச்சப்பன் வாயைப் பிளந்து நின்றேவிட்டான். ராஜா திரையை விலக்கியபோது புகைதான் மிச்சம்.

உடனே சபை கூடியது. ஒச்சப்பனை நடுவில் நிறுத்தினார்கள். பல்லக்கோடு குதிரையில் வந்தவரும் அரண்மனை மரியாதைகளுக்கு அதிகாரியுமான ஏகவீரர் முந்திக்கொண்டார்.

"அரசே, தாங்கள் பார்க்காததை இவன் பார்ப்பதா? ராஜத்துரோகம்! நாடு கடத்துங்கள்."

"கடத்து!" என்றார் ராஜா.

ஒச்சப்பன் கைகூப்பினான். "சாமி, பொண்டாட்டி நிறைமாசம். எங்கே கூட்டிக்கிட்டுப் போவேன்?"

மந்திரி திருமேனியார் எழுந்தார். "தீர்ப்பு சரிதான் அரசே. ஆனால், அது வெறும் மின்னலாக இருந்தால்?"

"மின்னலா?" ஏகவீரர் சிரித்தார். "தேர்ச்சக்கரம் அளவு ஐயா! என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன்!"

"அப்படியானால் நாடு கடத்த வேண்டியவர்கள் இரண்டு பேர்."

சபை கொல்லென்று சிரித்தது. ஏகவீரருக்கு வியர்த்துவிட்டது. "இல்லை, இல்லை! நான் தலையைக் குனிந்தபடி அல்லவா வந்தேன்!"

"அப்படியானால் இவன் பார்த்ததற்கு யார் சாட்சி? காலில் முள் குத்தி நின்றிருப்பான்."

"இல்லீங்க மந்திரி ஐயா, பார்த்தேன்" என்றான் ஒச்சப்பன்.

மந்திரி நெற்றியில் அடித்துக்கொண்டார்.

ராஜா மெல்லக் கேட்டார்: "எப்படியடா இருந்தது?"

"அது நகர நகர, என் நிழல் என்னையே சுத்தி வந்துச்சு சாமி. உங்க பல்லக்கு நிழலும் கூடவே சுத்துச்சு."

ராஜா சிம்மாசனத்தை விட்டு இறங்கி வந்தார். "இன்னொன்று வருமா?"

"வரும் சாமி. எப்பன்னுதான் தெரியாது."

"நாளையிலிருந்து பல்லக்குக்குத் திரை வேண்டாம். நீ என் பக்கத்தில் வானத்தைப் பார்த்துக்கொண்டே நடந்து வா. கூலி இரட்டிப்பு. உன் இடத்தில் பல்லக்குத் தூக்க…" ராஜா திரும்பினார். "ஏகவீரரே, தலையைக் குனிந்து வருவதில் உம்மைப்போல் யார்?"

ஒச்சப்பன் வீட்டுக்கு ஓடினான். மந்திரியும் மற்றவர்களும் சிரித்துக்கொண்டே கலைந்தார்கள். கடைசியாக ஏகவீரர் எழுந்து, தோளை மெல்லத் தடவிப் பார்த்தபடி நடந்தார்.