நூத்தெழுபது கிரெயின்

உக்காருங்கப்பா, உக்காருங்க. வெத்தலைய அப்பறம் மெல்லலாம். ஏய் சடையா, தும்மறதுன்னா இப்பவே தும்மிடு. இது நான் தலைகுனிஞ்ச கத. ஒருக்காத்தான் சொல்லுவேன்.

அப்பல்லாம் எங்க மலையில பன்னி அடிக்க லைசென்ஸ் உண்டு. எங்கிட்ட ஒரு லீவர் துப்பாக்கி. கீழ இருக்குற வளையத்த இழுத்து விட்டா, க்ளக்-க்ளாக்! அடுத்த தோட்டா ஏறிக்கும். அந்தச் சத்தத்துக்காகவே சும்மா நாலு வாட்டி இழுப்பேன்.

சுடக் கத்துக்குடுத்தது செசிலி அக்கா. அவங்ககிட்ட ஒரே சட்டம். காயத்தோட ஓடுன மிருகத்தத் தேடிப் பிடிச்சு முடிக்கணும். அது வரைக்கும் துப்பாக்கி அக்கா வீட்ல.

திங்கக்கெழம ஒரு பன்னியச் சுட்டேன். ஓடிப்போச்சு. வியாழக்கெழம ஆகியும் துப்பாக்கி அக்காகிட்டதான். மறுநாள் ஊரே வேட்டைக்குப் போகுது. நான் மட்டும் வெறுங்கையோடயா?

போய் நின்னேன்.

"அக்கா, தப்பு எம்மேல இல்ல. தோட்டா மேல."

காப்பிக்கொட்ட அரைக்கிற மிசின் மாதிரி ஒரு குரல். "அப்படியா, தம்ப்ப்பி."

"நூத்தம்பது கிரெயின் குண்டுக்கா. மானுக்குச் சரி, பன்னிக்கு எடை பத்தல. நூத்தெழுபது வாங்கட்டுமா? கூர்மூக்கா, மொட்டமூக்கா?"

அக்கா மேசையில ஏழு தோட்டாவப் படுக்க வெச்சாங்க. ரேசன் கடை வரிசை மாதிரி, ஒண்ணோட மூக்கு இன்னொண்ணு முதுகுல.

"அடியில இருக்குற தோட்டாக் குழலுக்குள்ள இப்படித்தான் கெடக்கும். கூர்மூக்கு போட்டா?"

"முன்னாடி இருக்கறதக் குத்தும்."

"குத்துனா?"

"கையிலயே வெடிக்கும்."

"அப்ப மொட்டமூக்கு."

"எடை?"

"பன்னிக்கு நூத்தெழுபது நல்லதுதான்."

"பாத்தீங்களா! நான் சொல்லல?"

"எங்க பட்டுச்சு?"

"வயித்துல."

"பின்னாடியே எம்புட்டுத் தூரம் போன?"

"ஓடை வரைக்கும்."

"அப்பறம்?"

"மழ வந்துடுச்சுக்கா."

அக்கா தோட்டாவ ஒவ்வொண்ணா எடுத்துப் பெட்டியில போட்டாங்க. நாலு வார்த்த வைய மாட்டாங்களான்னு இருந்துச்சு எனக்கு.

"மாசியப் போகச் சொல்லிட்டுத்தான் வந்தேன்."

மாசி, தடம் பாக்குறவன். வருசத்துக்குப் பத்து வார்த்த பேசுனா அதிகம். அப்பத்தான் காட்டுலேர்ந்து வந்து வாசப்படியில உக்காந்து, கால்ல ஏறியிருந்த அட்டைய உப்பு வெச்சு ஒவ்வொண்ணா எடுத்துட்டிருந்தான்.

அவன் பக்கம் திரும்பாமலே கேட்டேன்.

"நூத்தெழுபது போட்டா ஒரே குண்டுல விழுந்துடும்லக்கா?"

மாசி காலப் பாத்துக்கிட்டே சொன்னான்.

"உங்க பன்னியும் அந்த ஒரே குண்டுலதாண்ணே விழுந்துச்சு. இன்னிக்குக் காலைல."