அன்னக் கொக்கி

கும்பகோணத்தில் அச்சகம் நடத்தி ஓய்ந்த மாசிலாமணிக்கு வயது அறுபதைத் தாண்டியிருந்தது. அவருடைய குரு அங்கயற்கண்ணி, அவரைவிட மிகவும் இளையவர். பல்லவர் காலத்திலும் அதற்கு அடுத்து வந்த சோழர் காலத்திலும் மக்கள் உடம்பில் அணிந்த உலோகப் பொருட்களைச் சேகரிப்பவர். மெட்டி, காப்பு, மோதிரம், கச்சைக் கொக்கி என்று எது கிடைத்தாலும் விடமாட்டார். மாசிலாமணிக்கு இந்தப் பித்து தொற்றியதே அவரிடமிருந்துதான்.

மாசிலாமணியிடம் ஒரு பாதிக் கொக்கி இருந்தது. இடுப்புக் கச்சையை மாட்டும் வெண்கலக் கொக்கி. அன்னத்தின் வளைந்த கழுத்துதான் கொக்கி. அதை மாட்டும் வளையம் தஞ்சாவூரில் சவரிமுத்துவிடம் இருந்தது. உருக்கப் போன ஒரே பழைய உலோக மூட்டையிலிருந்து ஆளுக்கொரு பாதியாக எடுத்தவர்கள். இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. ஒரு கண்காட்சியில் வார்த்தை தடித்து, பேச்சும் நின்றுபோயிருந்தது.

ஒருநாள் மாசிலாமணி குருவிடம் கேட்டார்.

"அம்மா, அந்தாளுகிட்டேயிருந்து அதை எப்படி வாங்குறது?"

"ரெண்டும் பொருந்துதா?"

"பொருந்தும். போட்டோவில பார்த்தேன்."

"போட்டோவில என்ன தெரியும்? கொண்டுபோய் மாட்டிப் பாருங்க."

"அங்கேயா? அவர் வீட்டுக்கா?"

அங்கயற்கண்ணி கையிலிருந்த காப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஒரு வாரம் போக மனசு ஒப்பவில்லை. பிறகு மாசிலாமணி கொக்கியைப் பஞ்சில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தஞ்சாவூர் பஸ் ஏறினார்.

கதவைத் திறந்த சவரிமுத்து உள்ளே வரச் சொல்லவில்லை.

"விலை பேச வந்தீங்களா?"

"இல்ல. மாட்டிப் பார்க்க வந்தேன்."

சவரிமுத்து வழிவிட்டார். மேஜையைக் காலி செய்து வெள்ளைத் துணி விரித்தார். உள்ளே போய்ப் பெட்டியிலிருந்து தன் வளையத்தை எடுத்து வந்தார்.

மாட்டவில்லை. வளையத்தின் உள்பக்கம் பச்சைக் களிம்பு அடைத்திருந்தது.

வேப்பங்குச்சியைச் சீவி, ஒருவர் பிடிக்க ஒருவர் சுரண்டினார்கள். இருந்தது ஒரே பூதக்கண்ணாடி. தலையும் தலையும் முட்டிக்கொண்டன. "மெதுவா" என்றார் ஒருவர். "தெரியும்" என்றார் மற்றவர். சாப்பாட்டு நேரம் தாண்டியது. சவரிமுத்துவின் மனைவி லூர்துமேரி எட்டிப்பார்த்துவிட்டுப் போனார்.

அன்னத்தின் கழுத்து வளையத்துக்குள் வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது.

இரண்டு பேரும் கையை எடுத்துவிட்டார்கள்.

"யார் கடைசியா மாட்டினாங்களோ" என்றார் சவரிமுத்து.

பிறகு ஒரு துண்டைக் கிழித்துக் கொக்கியின் இருபுறமும் கோத்தார். தன் வயிற்றைச் சுற்றிப் பார்த்தார். எட்டவில்லை. மாசிலாமணியின் ஒட்டிய இடுப்பில் சுற்றினார். எட்டியது. கொக்கி நின்றது.

"உங்க அளவுக்காரன்தான் யாரோ" என்றார் சவரிமுத்து.

மாசிலாமணி வாய்விட்டுச் சிரித்தார். அந்த வீட்டில் சிரிப்போம் என்று அவர் நினைத்திருக்கவில்லை. லூர்துமேரி இலை போட்டார். மீன் சாப்பிடாத மாசிலாமணிக்குத் தயிர்சாதமும் எலுமிச்சை ஊறுகாயும் வந்தன. கண்காட்சிப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

மறுநாள் அவர் அங்கயற்கண்ணியின் முன் உட்கார்ந்தார்.

"வாங்கிட்டு வந்தீங்களா?"

"இல்லம்மா."

"குடுத்துட்டு வந்தீங்களா?"

"அதுவும் இல்ல. கழட்டி அவர் பாதியை அவர் வெச்சுக்கிட்டார். என் பாதி இதோ. பொங்கலுக்கு வளையத்தை எடுத்துக்கிட்டு அவங்க ரெண்டு பேரும் நம்ம வீட்டுக்கு வர்றாங்க. அடுத்த தடவை நான் போகணும்."

அங்கயற்கண்ணி தலையசைத்தார்.

"ஒண்ணுதான் புரியல" என்றார் மாசிலாமணி. "இத்தனை வருஷமா அது வேணும் வேணும்னு தூக்கம் இல்லாம கிடந்தேன். நேத்து கையில வெச்சிருந்தப்போ கேட்கவே தோணல. என்னம்மா ஆச்சு எனக்கு?"

அங்கயற்கண்ணி பஞ்சைப் பிரித்து அன்னக் கழுத்தை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"ஆயிரம் வருஷம் ஆச்சு" என்றார். "இன்னும் நல்லா மாட்டுது."