விசிறி ஓட வேண்டிய நேரம்

பெருந்துறைப் பக்கம் ஒரு சாயப்பட்டறையில் பாய்லர் வெடித்து மயில்சாமி என்ற ஆபரேட்டர் இறந்துபோனார். அடுப்பு பற்றுவதற்கு முன் விசிறி ஒரு நிமிடம் ஓடி, உள்ளே தேங்கிய கேஸை வெளியே தள்ள வேண்டும். அன்றைக்கு அது ஓடவேயில்லை.

விசிறியை இயக்கியது அன்றுதான் பொருத்திய ஒரு சின்ன சிப். அதற்கான நிரலை சிப்புக்குப் புரியும்படி மாற்றிக் கொடுக்கும் கம்பைலரை எழுதியவர் கமலநாதன். கல்லூரியில் கணிதம் நடத்திவிட்டு, ஐம்பது வயதுக்கு மேல் ரோசலினிடம் இந்த வேலையைக் கற்க வந்தவர். ரோசலின் வயதில் இளையவர்.

தவறு எங்கே என்று பார்த்தார்கள். ஒரு நிமிடம் என்பது அறுபதாயிரம் மில்லி விநாடி. கமலநாதனின் கணினியில் நினைவகத்தின் ஒரே அறைக்குள் அந்த எண் தாராளமாக அடங்கும். சிப்பின் அறை சிறியது. இரண்டு அறை ஒதுக்கியிருக்க வேண்டும். கம்பைலரோ தான் ஓடுகிற கணினியின் அளவை வைத்து ஒரே அறையில் திணித்துவிட்டது. அறை கொள்ளாததால் சிப் அதை மைனஸ் எண்ணாகப் படித்தது. நேரம் ஏற்கெனவே முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு நேரே தீயைப் பற்றவைத்தது.

கமலநாதன் உட்கார்ந்து கம்பைலரைத் திருத்தினார். அவர் கணினியில் எல்லாச் சோதனையும் தேறியது.

"ஒரு எண் சரிதான்னு எப்ப மேடம் சொல்லலாம்?" என்று கேட்டார்.

புது பாய்லருக்கு எழுதிய நிரலைத் திருத்திய கம்பைலரில் மாற்றி, ரோசலின் அதைச் சிப்பில் ஏற்றி, அவரைச் சாயப்பட்டறைக்கு அழைத்துப்போனார்.

புது பாய்லருக்கு முன்னால் புது ஆபரேட்டர் நின்றிருந்தார். மயில்சாமியின் மைத்துனர். பொத்தானில் கை வைத்தபடி இவர்களைத் திரும்பிப் பார்த்தார்.

"சரி பண்ணிட்டீங்கல்ல சார்?" என்றார் ரோசலின்.

"பண்ணிட்டேன்."

"அப்புறம் ஏன் வாசல்லயே நிக்கறீங்க?"

கமலநாதன் குனிந்து தன் கால்களைப் பார்த்தார். பிறகு உள்ளே போய் ஆபரேட்டரின் கையைப் பிடித்துக்கொண்டு, முதலில் கேஸை மூடச் சொன்னார். காலையிலேயே மூடியாகிவிட்டது, மேடம்தான் போன் செய்து மூடச் சொன்னார் என்றார் அவர்.

பொத்தானை அழுத்தினார்கள். விசிறி அசையவில்லை. வெறும் அடுப்புக்குள் பொறி மட்டும் டிக் டிக்கென்று அடித்தது.

காரணம் அங்கேயே தெரிந்தது. அறுபதாயிரம் என்று நேராக எழுதியிருந்தால் கம்பைலர் இப்போது சரியாக எடுத்துக்கொள்ளும். புது பாய்லருக்கு எழுதிய நிரலிலோ அறுபது பெருக்கல் ஆயிரம் என்று இருந்தது. பெருக்கி வந்த விடையைக் கம்பைலர் பழையபடி ஒரே அறையில் அடைத்திருந்தது.

கமலநாதன் ரோசலின் பக்கம் திரும்பினார்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா மேடம்?"

"தெரியாது."

"பின்ன எதுக்கு கேஸை மூடச் சொன்னீங்க?"

"மயில்சாமிக்கும் தெரியாது சார்."